கொசுவின் எடை

இறக்கையைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பறக்கும்போது காற்று அதை அடியிலிருந்து மேலே தள்ளும். அந்தத் தள்ளலைத் தரையில் சோதித்துப் பார்க்க ஒரே வழி, இறக்கையை மல்லாக்கப் படுக்க வைத்து அதன் வயிற்றின் மேல் மணல் பைகளை அடுக்குவதுதான். பழைய பஸ் பணிமனையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீண்டிருந்தது அது. நடுவில் மட்டும் இரண்டு ஸ்டாண்டுகள் தாங்கின. ஒவ்வொரு பை ஏறும்போதும் இரண்டு நுனிகளும் தரையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தன.

அக்கா பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர வேறு யாரும் வைக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. நடைபாலங்கள் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று கணக்குப் போடுவது அவள் உத்தியோகம். பணிமனையில் வயது வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் அவள் அக்காதான். நிஜமான தங்கை ஒருத்தி மட்டுமே. அந்தச் சின்னவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மூச்சு விட்டால் கூட இறக்கைக்கு வலிக்கும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இறக்கை தாங்கினால், அதில் தொங்கப்போகிறவள் அவள்.

கடைசிப் பையை வைத்து அக்கா கையை எடுத்தாள்.

'டிக்.'

சின்னச் சத்தம். நகத்தை நகத்தால் சுண்டுகிற சத்தம். அங்கிருந்த நாலு பேரும் அசையவில்லை. இறக்கை அப்படியேதான் இருந்தது. மறுபடி சத்தம் வரவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள் அக்கா.

"பசை இறுகற சத்தமா இருக்கும் அக்கா" என்றார் மாப்பிள்ளை. சின்னவளின் கணவர். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. விரல் நுனியில் அவ்வளவு நிதானம் இருந்ததால் விமானத்தின் விசிறியை அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள். ஊரார் வாய்க்குள் பொருந்துகிறதை விட்டுவிட்டு ஆகாயத்துக்குப் பல் கட்டுகிறார் என்று தாத்தா கிண்டல் செய்வான்.

தாத்தாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டதால் வந்த பெயர். வெல்டர். பெடலும் செயினும் இருக்கையும் உட்காரும் அலுமினியக் கூடு அவன் கைவேலை.

"பல்லு சார் சொல்றதுதான் சரி. நிக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்றான் தாத்தா.

அக்கா பைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பிறகு பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, இறக்கையின் முதுகெலும்பாக ஓடிய கார்பன் குழாயை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டிங், டிங், டிங் என்று ஒரே சுருதியில் வந்த சத்தம், நடுவிலிருந்து இரண்டு கை தூரத்தில் 'டப்' என்று மாறியது. மறுபடி தட்டினாள். டப்.

உள்ளே ஒரு அடுக்கு ஒட்டாமல் தனியாக நின்றிருக்கிறது. அந்தக் குழாயை அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்தது அவளும் மாப்பிள்ளையும்தான். யாரையும் திட்ட வழியில்லை.

"மேல ஒரு கார்பன் பட்டை போட்டுச் சுத்தணும். இல்லேன்னா இது பறக்காது. நான் விட மாட்டேன்" என்றாள்.

"எவ்வளவு ஏறும்?" சின்னவள் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"முக்கால் கிலோ."

முக்கால் கிலோ என்பது கடையில் ஒன்றுமில்லை. இங்கே அது மலை. மூன்று வருஷமாக அவர்கள் சண்டை போட்டதெல்லாம் கிராம் கணக்கில்தான். ஆணியின் தலையைத் தேய்த்திருக்கிறார்கள். தெர்மாகோல் விலாக்களில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கம் ஒட்டும் டேப்பை நெடுக்கில் பாதியாகக் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். அத்தனை பெரிய விமானத்தைத் தனி ஒருத்தி தலைக்கு மேல் தூக்கிவிடலாம். அதனால்தான் அதற்குக் கொசு என்று பெயர் வைத்தார்கள்.

"முக்கால் கிலோதானே. என் மேலேர்ந்து எடுத்துக்கோ" என்றாள் சின்னவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு ரெசின் பசை கலக்கப் போய்விட்டாள்.

*

இதெல்லாம் ஆரம்பித்ததே ஒரு வாய்ப்பேச்சில்தான். சின்னவள் சைக்கிள் பந்தயக்காரி. வயதாகிவிட்டது என்று ஒரு நாள் அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். அன்று அக்கா வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "இந்தக் காலை இனிமே என்னக்கா பண்றது?" என்று கேட்டாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், "இந்தக் காலுக்கு ஏரோப்ளேனையே தூக்கற சக்தி இருக்குடி" என்று அக்கா சொல்லிவைத்தாள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெஜமாவா?" என்றாள். கணக்கு என்று வந்துவிட்டால் அக்காவுக்குப் பொய் வராது. காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். இறக்கை போதுமான நீளமாகவும் மொத்த எடை போதுமான லேசாகவும் இருந்தால், நிஜந்தான். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

அதிலிருந்து அக்கா அவளை 'என்ஜின்' என்றுதான் கூப்பிட்டாள். என்ஜின் வந்தாச்சா, என்ஜின் தூங்கிச்சா. செல்லமாகத்தான்.

பட்டை சுற்றிக் காய்ந்த பிறகு மறுபடி பாரம் ஏற்றினார்கள். சத்தமே இல்லை. இறக்கைக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, முரசுத் தோல்போல விறைக்க வைத்தார்கள். வேலை மும்முரத்தில் சின்னவளின் கன்னம் ஒட்டிப்போனது அக்காவின் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அவளைத் தராசில் நிறுத்தியபோது முள் முன்னைவிடக் கீழே வந்திருந்தது. சொன்னதைச் செய்துவிட்டாளே என்று அக்காவுக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பறக்க வேண்டிய வாரத்தில், பணிமனையின் மூலையில் தரையோடு முடுக்கி வைத்திருந்த பயிற்சி சைக்கிளில் சின்னவள் மிதித்துக்கொண்டிருந்தாள். அக்கா மீட்டரைப் பார்த்தாள். கொசு தரையை விடுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டுமோ, முள் அதைத் தொட்டது, பிறகு இறங்கியது. "தள்ளு, தள்ளு" என்றாள் அக்கா. மறுபடி தொட்டது. மறுபடி இறங்கியது. சின்னவள் சைக்கிளை விட்டு இறங்கித் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனாள். மூடி கையில் நிற்காமல் நழுவி உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் அக்கா முதலில் கவனித்தாள்.

"என்ன மாப்பிள்ளை?"

"சாப்பிடறதில்லக்கா. கொஞ்ச நாளாவே. ராத்திரி வெறும் தண்ணி. உங்ககிட்ட சொன்னா என் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டா."

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஏண்டி, உனக்கு அறிவு இருக்கா? இவ்வளவு தூரம் வந்துட்டு என்ஜின்ல எண்ணெய் இல்லாம ஓட்டினா என்ன ஆகும்?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது; குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"நான் என்ஜின் இல்லக்கா. உன் தங்கச்சி."

தாத்தா கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

அக்கா அங்கேயே நின்றாள். கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துபோனது. தராசின் முன் நின்று சந்தோஷப்பட்ட அந்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாத குடும்பம். அவள் போய்த் தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போ. ஒழுங்கா சாப்பிடு. எடையை நான் பாத்துக்கறேன்."

"எங்கேர்ந்து எடுப்ப?"

"அது என் பாடு."

இரண்டு நாள் அக்கா ஆபீசுக்கு லீவு போட்டாள். இருக்கையின் முதுகுத் துணியைக் கழற்றிவிட்டு நாலு நாடாக்களைக் கட்டினாள். வாலில் அவளே பெருமையாக வைத்திருந்த வளைவான முனையை வெட்டி எறிந்தாள். தாத்தா தன் கூட்டின் முன்னால் போய் நின்றுகொண்டு, "இந்த வெல்டுல மட்டும் கை வைக்காதீங்க. வேணும்னா என் தலைமுடியை எடுத்துக்குங்க" என்றான். எவ்வளவு சுரண்டியும் பாதிதான் தேறியது. மீதியைக் கொசு சுமந்துகொண்டுதான் பறக்க வேண்டும்.

பறப்பதற்கு முன் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "நான் கீழேர்ந்து 'இறங்கு'ன்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு கேக்காம இறங்கணும். மேல போனப்புறம் வாதாடக் கூடாது."

சின்னவள் "சரி, இறங்கறேன்" என்றாள்.

*

ஒரு கார் கம்பெனி தன் பழைய சோதனைச் சாலையை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொடுத்திருந்தது. மறுநாள் காலை புல்டோசர் வந்து அதைப் பெயர்க்கத் தொடங்கும். அதனால் இன்றைக்கு விட்டால் இல்லை. நேராக ஓடும் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் புல்வெளி. கடைசியில் ஒரு இரும்புக் கம்பம். அந்தக் கம்பத்தைத் தாண்டினால், பறந்தது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எல்லை.

விடிந்தும் விடியாமலும் இருந்தது. புல் நுனி ஆடவில்லை. அக்கா ஒரு குச்சியில் கட்டிய ரிப்பனைத் தூக்கிப் பிடித்தாள். அது செத்த பல்லிபோலத் தொங்கியது. இதைவிட அமைதியான காற்று கிடைக்காது.

சின்னவள் கூட்டுக்குள் ஏறிச் சாய்ந்துகொண்டாள். சுற்றிலும் பிளாஸ்டிக் தாளை மூடி வெளியிலிருந்து டேப் ஒட்டினார்கள். உள்ளிருந்து அவளால் திறக்க முடியாது. மூச்சுக்கு முகத்தின் எதிரே ஒரு கை அளவு ஓட்டை. கடைசி டேப்பை ஒட்ட வேண்டிய இடத்தில் அக்காவின் விரல் நின்றது. உள்ளேயிருந்து தாளின் மேல் ஒரு விரல் வந்து அந்த இடத்தில் தட்டியது.

"ஒட்டுக்கா. குளுருது."

தாத்தா இடது நுனியையும் மாப்பிள்ளை வலது நுனியையும் பிடித்தார்கள். அக்கா தன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி, கூட்டின் பக்கத்தில் நின்றாள்.

பெடல் சுழன்றது. முறுக்கி மேலே ஏறிய செயின் விறைத்தது. பின்னால் மாப்பிள்ளையின் விசிறி முதலில் சோம்பலாக, பிறகு விர்ர் என்று சுற்றியது. கொசு நகர்ந்தது. நுனிகளைப் பிடித்தவர்கள் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். இறக்கை வில்லாக வளைந்து மேலே நிமிர்ந்தது. அவர்கள் கையை விட்டார்கள். சின்னச் சக்கரம் தாரில் கடகடத்துக்கொண்டே போனது. திடீரென்று அந்தக் கடகடப்பு நின்றது.

தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

அக்கா வெறி பிடித்தவள்போல மிதித்தாள். பக்கவாட்டில், அவள் தலைக்கு மேலே, தங்கையின் கால்கள் காற்றில் மிதித்துக்கொண்டு போயின. ஓர் ஆள் உயரம். சந்தோஷப்பட நேரமில்லை. அவள் காதுகள் மட்டுமே வேலை செய்தன. விசிறியின் சத்தம். தாள் படபடக்கும் சத்தம். பாதித் தூரம் வந்தபோது இன்னொரு சத்தமும் சேர்ந்தது. கடக். கடக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கடக்.

செயின். பல் தாண்டுகிறது, அல்லது கண்ணி ஒன்று விடுகிறது. அறுந்தால் விசிறி நின்றுவிடும். இந்த உயரத்திலிருந்து மூக்குக் குத்தி விழுந்தால் முதலில் தரையில் மோதுவது கால்கள். கம்பம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. கடக். கடக்.

"இறங்கு" என்று கத்தினாள்.

கால்கள் ஒரு சுற்றுத் தயங்கின. பிறகு மெதுவாயின. கொசு மூக்கைத் தணித்துத் தாரில் உட்கார்ந்து, கொஞ்சம் ஓடி, நின்றது. கம்பம் எதிரே நின்றது, நடந்தே போய்விடலாம்.

*

டேப்பைக் கிழித்ததும் சின்னவள் இறங்கி, யாரையும் பார்க்காமல், புல்லில் போய் உட்கார்ந்தாள். தாத்தாவும் மாப்பிள்ளையும் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தார்கள். அக்கா செயினைக் கண்ணி கண்ணியாகத் தடவினாள். தாத்தாவும் தடவினான். பெடலைச் சுற்றினார்கள். விசிறியின் அச்சைப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை.

மாப்பிள்ளை இருக்கையைப் பார்த்தார். முதுகுத் துணிக்குப் பதிலாக அக்கா கட்டிய நாடாக்களில் ஒன்றின் வால் நீண்டு பெடல் பக்கம் தொங்கியது. அதன் முனையிலிருந்த பிளாஸ்டிக் கொக்கியைப் பெடல் கம்பி சுற்றுக்கு ஒரு தடவை தட்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

அக்கா அந்தக் கொக்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கட்டிய நாடா. அவள் விட்ட வால். சைக்கிளில் செருகியிருந்த ரிப்பன் இப்போது லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. சூரியன் மேலே வந்துவிட்டது.

புல்லுக்குப் போய்த் தங்கையின் எதிரே நின்றாள். "செயின்ல ஒண்ணும் இல்ல. நான் கட்டின நாடா. வால வெட்டாம விட்டுட்டேன். அதுதான் தட்டியிருக்கு."

சின்னவள் நிமிரவில்லை. "எனக்குக் காலுக்கடியில தெரிஞ்சுது. லேசா ஏதோ உரசற மாதிரி. செயின் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏண்டி இறங்கின?"

"இறங்கறேன்னு சொல்லியிருந்தேனே."

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தாள். ரிப்பன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பாலமாக இருந்தால் இந்தக் காற்றைப் பற்றிக் கவலையே பட மாட்டாள். கொசுவுக்கு இதுவே அதிகம்.

"காத்து வந்துடுச்சு" என்றாள்.

"பாக்கறேன்."

"கால் எப்படி இருக்கு?"

"இன்னொரு தடவை இருக்கு. அதுக்கு மேல இருக்கான்னு கேக்காத."

தாத்தாவும் மாப்பிள்ளையும் தள்ளி நின்று அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். மூன்று வருஷமாக எல்லா முடிவும் அந்த முகத்தில்தான் எழுதியிருக்கும். அக்கா கொக்கியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இந்தத் தடவை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இறங்கறதும் போறதும் உன் இஷ்டம். கால் உன்னோடது."

சின்னவள் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். கையை நீட்டினாள். அக்கா பிடித்துத் தூக்கிவிட்டாள்.

கொசுவை ஆரம்பத்துக்கே தள்ளிக்கொண்டு வருவதற்குள் ரிப்பன் படபடக்கத் தொடங்கிவிட்டது. நல்லவேளையாகக் காற்று எதிர்த்திசையிலிருந்து வந்தது. நாடாவின் வாலை வெட்டினார்கள். டேப் ஒட்டினார்கள். அக்கா சைக்கிளை எடுத்தாள்.

எதிர்காற்றில் கொசு சீக்கிரமே எழுந்துவிட்டது. ஆனால் முன்னே போவது தவழ்வதுபோல இருந்தது. முதல் முறை மெத்தென்று போன விமானம் இப்போது தூக்கித் தூக்கிப் போட்டது. இடது இறக்கை எழும்பும்; சின்னவள் சமாளிப்பாள்; வலது எழும்பும். தாளுக்குள் அவள் மூச்சுப் புகைபோலப் படிந்து முகம் மறைந்துவிட்டது. கால்கள் மட்டும் தெரிந்தன. பாதி தாண்டியது. கால்களின் வேகம் குறைந்தது. சக்கரம் தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது.

அந்த வார்த்தை அக்காவின் நாக்கு நுனிக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது; சைக்கிள் பந்தயத்தில் கடைசி ஏற்றத்தில் தங்கை இப்படித்தான் முனகுவாள். கால்கள் மறுபடி சுழன்றன. ஒரு சாண் ஒரு முழமானது. கம்பம் வந்தது. கம்பம் அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. கம்பம் பின்னால் போனது.

அதைத் தாண்டிய அடுத்த மூச்சில் பக்கவாட்டிலிருந்து ஒரு காற்று அடித்தது. இடது இறக்கை எகிறியது. வலது நுனி புல்லில் உரசி, முள்ளங்கி முறிகிற சத்தத்தோடு ஒடிந்தது. கொசு அரைவட்டம் போட்டுத் திரும்பிப் புல்லில் சரிந்து உட்கார்ந்தது.

அக்கா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். டேப்பைத் தேட நேரமில்லை. தாளை நகத்தாலேயே கிழித்தாள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு, நனைந்த துணிபோலக் கிடந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தாண்டிட்டேனா?"

"தாண்டிட்ட."

"கால மடக்க முடியல. குரக்களி இழுக்குது."

மாப்பிள்ளை வந்து அவளை வெளியே இழுத்துப் புல்லில் கிடத்தி, கெண்டைக்காலைப் பிடித்து நீவத் தொடங்கினார். நீவிக்கொண்டே அழுதார். "வலி எனக்கு, அழுகை உங்களுக்கா?" என்றாள் சின்னவள்.

மகிழ்ந்து கத்தக்கூட யாருக்கும் வாய்க்கவில்லை. காற்று பலத்துவிட்டது. யாரும் மிதிக்காமலே கொசு தரையை விட்டு எழும்பப் பார்த்தது. தாத்தா பாய்ந்து இடது இறக்கையின் மேல் கையை அகட்டிப் படுத்தான். அக்கா வலது பக்கம் குப்புறப் படுத்தாள். வயிற்றுக்கடியில் விலாக்கள் ஒவ்வொன்றாக நொறுங்குவது தெரிந்தது. நொறுங்கினால் நொறுங்கட்டும், பறந்து போய் வெளியே சாலையில் யார் தலையிலாவது விழாமல் இருந்தால் சரி.

"அக்கா" என்று அந்தப் பக்கத்திலிருந்து தாத்தாவின் குரல் வந்தது. "இப்படியே எவ்வளவு நேரம் படுத்திருக்கணும்?"

"காத்து அடங்கற வரைக்கும்."

சின்னவள் காலை நீட்டியபடியே புல்லில் நகர்ந்து வந்து, அக்காவின் பக்கத்தில் இறக்கையின் மேல் தன் ஒரு கையையும் தலையையும் வைத்துக்கொண்டாள். தன் பாரமும் இருக்கட்டும் என்றாள். சற்று நேரத்தில் அப்படியே தூங்கிப்போனாள்.